இதோ வந்துவிடுகிறேன்

ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, மீதி இடைவெளியில் குனிந்து ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பார். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். இருந்தாலும் பார்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, ஷட்டரில் ஏற்கெனவே எழுதியிருக்கும் ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்ற வரியின்மேல் இன்னொரு தடவை அழுத்தி எழுதுவார். எழுதி எழுதி அந்த எழுத்துகள் தடித்துப்போய், மழைக்கும் கரையாத அளவுக்கு உரம் ஏறியிருக்கின்றன. எப்போது வருவார் என்பது மட்டும் அதில் இருக்காது. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஊசியில் நூல் கோத்தபடியே, “இன்னிக்கு எந்தத் திட்டம்?” என்பார். “ஒரு சின்ன கையெழுத்துதான். போன உடனே வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு இவர் நடையைக் கட்டுவார். தையல்காரர் அன்று மாலை தன் கடையை மூடும்போதும் அந்த ஷட்டர் அதே முக்காலில்தான் நிற்கும்.

கடைப் பலகையில் ‘மின்விசிறி, மிக்சி, இஸ்திரிப் பெட்டி – எல்லாப் பழுதுகளும் நீக்கித் தரப்படும்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் தெருவில் யாரும் அப்படிச் சொல்லி வழி கேட்பதில்லை. “மானியம் கடை எது?” என்றால் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டும். அரசாங்கம் யாருக்காவது எதையாவது கொடுக்கப்போகிறது என்றால் அது முதலில் இவர் காதில்தான் விழும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. வேறொருவராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இவரோ பல்கலைக்கழகம் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் மாதிரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். தொலைபேசியை எடுத்தால் “ஹலோ, மானியம் பேசறேன்” என்றுதான் ஆரம்பிப்பார்.

கக்கத்தில் எந்நேரமும் ஒரு நீல ஃபைல் இருக்கும். அதற்குள் வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, தொழில் சான்று, சான்றுகள் தொலைந்துபோனதற்கான சான்று என்று சகலமும் அடுக்கி வைத்திருப்பார். ஸ்டேப்ளர், பசை, மைப்பெட்டி, குண்டூசி எல்லாம் தனி உறையில். கடையில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினால் அரை நாள் ஆகும். ஃபைலில் குண்டூசியைக் கண்ணை மூடிக்கொண்டே எடுப்பார். புகைப்படங்களில் இரண்டு வகை வைத்திருக்கிறார். ஒன்றில் தலை கலைந்து, தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், பார்க்கிறவர் மனம் இளகும்படி இருப்பார். இன்னொன்றில் தலையை வாரிச் சீவி, நெஞ்சை நிமிர்த்தி, நாளைக்கே தொழிற்சாலை ஆரம்பிக்கப்போகிறவர் மாதிரி இருப்பார். “நிவாரணம்னா இது, கடன்னா அது. மாத்தி ஒட்டினா அவ்வளவுதான், காரியம் கெட்டுடும்” என்பார். இரண்டும் ஒரே நாளில், ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை. நடுவில் சவரம் செய்து முகம் கழுவிவிட்டு வந்தாராம்.

உடையிலும் இந்தக் கணக்கு உண்டு. அரசு அலுவலகத்துக்குப் போவதற்கென்று ஒரு சட்டை. காலர் கிழிந்து நூல் தொங்கும். மனைவி ஒரு நாள் மனம் கேட்காமல் அதை உள்பக்கமாகத் திருப்பித் தைத்து வைத்தார். இவர் பிளேடை எடுத்துவந்து உட்கார்ந்து, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத்தான் வெளியே கிளம்பினார். “அந்த அதிகாரி என்னைப் பார்த்த உடனே, பாவம்னு அவருக்குத் தோணணும். நீ தைச்சுக் கொடுத்தா எப்படித் தோணும்?” என்று கேட்டார்.  மனைவி ஊசியைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

அலுவலகத்தில் கால் வைத்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, “நீங்கதானே கடைசி?” என்பது. வரிசையின் வால் யார் என்று தெரிந்துகொண்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஃபைலை நெஞ்சோடு அணைத்து நின்றுவிட்டால் அவருக்கு ஒரு நிம்மதி வந்துவிடும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளையைக் கையில் வாங்கினவர் முகம்கூட அவ்வளவு குளிர்ந்திருக்காது. இந்தக் கேள்வி நாளடைவில் நாக்கிலேயே குடியேறிவிட்டது. முடிவெட்டப் போனாலும் கேட்பார், ரொட்டிக் கடையிலும் கேட்பார். துக்கம் விசாரிக்கப் போன ஒரு வீட்டின் வாசலில் நின்றவரிடம் கேட்டுவிட்டு அசடு வழிந்ததும் நடந்திருக்கிறது.

வரிசையில் நிற்கும்போது மேலே சுற்றும் மின்விசிறியைக் காது கொடுத்துக் கேட்பார். தொழில்காரக் காது இல்லையா. “புஷ் தேஞ்சுபோச்சு. கண்டென்சரும் வீக்கு” என்று பின்னால் நிற்பவரிடம் சொல்வார். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் ஒரு நாள் அதைக் கேட்டுவிட்டு, “சார், நீங்க ஃபேன் ரிப்பேர் பண்றவர்தானே? இங்க வேர்த்துக் கொட்டுது. கொஞ்சம் இதைப் பாக்கக் கூடாதா?” என்றார். இவர் பதறிப்போனார். “ஐயையோ, கவர்மெண்ட் பொருள் மேடம். நான் தொட்டா தப்பாயிடும். இருங்க, இதுக்குன்னு ஒரு ஒதுக்கீடு வரும்” என்றார். ஒதுக்கீடு இன்னும் வரவில்லை. அம்மாள் ஒரு விண்ணப்பத்தை மடித்து விசிறிக்கொண்டு வேலை பார்க்கிறார்.

ஊருக்கெல்லாம் பந்தாட்டம் எப்படியோ, இவருக்கு அரசாங்கத்தின் நிதிநிலை அறிக்கை அப்படி. அதை வாசிக்கிற நாளில் விடியற்காலையிலேயே குளித்துவிட்டு, பேனாவும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அமைச்சர் தண்ணீர் குடிக்க நிறுத்தினால் இவரும் தண்ணீர் குடிப்பார். கல்லூரியில் படிக்கும் மகள், “அப்பா, ஃபார்ம்ல அப்பாவோட தொழில்னு கேட்டிருக்காங்க. என்ன எழுதட்டும்?” என்று ஒருமுறை கேட்டாள். இவர் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “எதிர்பார்ப்பவர்னு எழுது!”

இந்த மனிதருக்கு ஒரு பொற்காலம் வந்தது. சந்தை படுத்துவிட்டது, மக்கள் கையில் காசு புழங்கவில்லை, தொழிற்சாலைகள் மூச்சு வாங்குகின்றன என்று சொல்லி, அரசாங்கம் ‘பொருளாதார ஊக்கத் திட்டம்’ என்று ஒன்றை அறிவித்தது. அதில் ஓர் அம்சம்: வீட்டில் ஓடுகிற பழைய மின்விசிறியைக் கொடுத்துவிட்டுப் பாதி விலையில் புதியதை வாங்கிக்கொள்ளலாம். இவருக்குத் தரையில் கால் பாவவில்லை. தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தார், சான்று இல்லாதவர்களுக்குச் சான்று வாங்கிக் கொடுத்தார், வேண்டாம் என்றவர்களை வற்புறுத்தினார். எவரிடமும் ஒரு பைசா கை நீட்டவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மனைவி மட்டும், “எல்லாரும் புதுசு வாங்கிட்டா உங்ககிட்ட யாருங்க ரிப்பேருக்கு வருவாங்க?” என்று கேட்டார்.

“நீ ஒண்ணு. நாலு பேருக்கு நல்லது நடக்கறப்ப குறுக்க பேசாத.”

பழைய மின்விசிறிகளை ஏற்றிப்போக லாரி வந்தது. தெருவே வாசலில் நின்றது. இவர் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, போகிற ஒவ்வொன்றையும் தட்டிக்கொடுத்தார். “இது நான் காயில் கட்டினது... இதுக்குப் பேரிங் நான் போட்டது... இது இன்னும் பத்து வருஷம் ஓடும்” என்று பெருமையாகச் சொன்னார். கடைசியில், புதியது வாங்கப் பாதி விலைகூடக் கையில் இல்லாதபோதும், தன் கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியையும் கழற்றிவந்து லாரியில் ஏற்றினார். ஒரு மின்விசிறி மெக்கானிக் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதைத் தெரு முழுக்கக் கைதட்டி வேடிக்கை பார்த்தது.

அதற்கப்புறம் கடைப் பக்கம் ஆள் நடமாட்டம் நின்றது. வேறு ஒருவராக இருந்தால் இடிந்துபோயிருப்பார். இவர் அதே திட்டத்தின் அச்சிட்ட பிரதியை எடுத்து, கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் படித்து, பொடி எழுத்தில் இருந்த ஓர் இணைப்பைக் கண்டுபிடித்தார். ஊக்கத் திட்டத்தால் பாதிக்கப்படும் பழுதுநீக்கும் சிறு கடைகளுக்கு மீட்பு உதவியாம். அடித்தவரே மருந்தும் கொடுக்கிறார் என்றால் இவருக்குச் சந்தோஷம்தானே. துள்ளிக் குதித்துக்கொண்டு தையல்காரரிடம் ஓடினார். உதவிக்கு இரண்டு சான்று கேட்டிருந்தார்கள். கடையில் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஒன்று. கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது என்று இன்னொன்று. இரண்டிலும் ஒரே அதிகாரியின் கையெழுத்து வேண்டும்.

“அது எப்படிங்க ரெண்டும் உண்மையா இருக்கும்?” என்றார் தையல்காரர்.

“படுத்துக்கிட்டே நடக்குதுன்னு அர்த்தம்” என்று இவர் விளக்கினார்.

விண்ணப்பம் போட்ட கையோடு, மனைவியின் அண்ணன் வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். அண்ணனுக்கு பிளாஸ்டிக் குழாய் குடோன் இருக்கிறது. கார் இருக்கிறது. காருக்கு ஓட்டுநர் இருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “இந்த ஊக்கத் திட்டம்னு சொல்றாங்களே மாப்ளே, அதுல நமக்கும் என்னமோ வந்திருக்காம். ஆடிட்டர் போன் பண்ணினான். எதுக்குன்னே தெரியலை” என்றார் அவர், மோர் கேட்கிற குரலில்.

இவர் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. “எந்தக் கவுண்டர்ல வாங்கினீங்க மச்சான்?”

“கவுண்டரா? பேங்க்ல வந்து விழுந்திருக்கு.”

“டோக்கன்?”

“என்ன டோக்கன்?” என்றார் மச்சான்.

இவருக்கு அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. மச்சானுக்கு வந்தது என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. நிற்காமல் வந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தான் வெயிலில் நின்ற நாட்களெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கேலிக்கூத்தாகிவிட்ட மாதிரி இருந்தது.  கிழிந்த காலர் சட்டையை அன்றைக்கு அவர் போட்டிருக்கவில்லை, ஆனாலும் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தார்.

விடைபெறும்போது மச்சான் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “எதுக்கு மாப்ளே நாயா அலையறீங்க? குடோன் வாசல்ல ஒரு ஆள் வேணும். ஸ்டூல் போட்டு உக்காந்து, வர்ற லாரி போற லாரியைக் குறிச்சு வெச்சாப் போதும். நம்ம வீட்டு ஆளுன்னா எனக்கும் நிம்மதி.” மச்சான் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது மச்சானின் கார் உள்ளே நுழைந்தால் தான் எழுந்து நிற்க வேண்டியிருக்குமே என்பதுதான் இவர் மனதில் ஓடியது. செத்தாலும் அது மட்டும் கூடாது. இத்துனூண்டு கடையானாலும் தன் கடை. அதில் தான்தான் முதலாளி.

மனைவிக்கு இந்த முதலாளி கௌரவத்தில் பொறுமை தீர்ந்துவிட்டிருந்தது. கல்யாணமான புதிதில் காயில் கட்டும் வேலையை இவரிடமே கற்றுக்கொண்டவர் அவர். இப்போது கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து, வேறு பட்டறைக்காரர்கள் கொடுத்தனுப்பும் மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கிறார். அடுப்பெரிவதும் மகளின் படிப்பும் அதில்தான். “இங்க பாருங்க. இந்த உதவி கிடைச்சு கடை நிமிர்ந்தா சரி. இல்லைன்னா கடையைக் காலி பண்ணிட்டு அண்ணன் குடோனுக்குப் போங்க. ரெண்டுல ஒண்ணு. இனிமே என்னால இழுத்துக்கிட்டுப் போக முடியாது” என்றார். சத்தம் போடாமல் சொன்னதுதான் இவரைப் பயமுறுத்தியது.

உதவி கிடைக்க ஒரே ஒரு படிதான் பாக்கி இருந்தது. ஆய்வு அதிகாரி நேரில் வருவார். கடை திறந்திருக்க வேண்டும், உள்ளே வேலை நடக்க வேண்டும். அதை அவர் படம் எடுத்துக்கொண்டு போவார். மூன்று முறை வந்தும் கடை மூடியிருந்தால் ஃபைலையும் மூடிவிடுவார்கள். கடைக்காரன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் எந்தக் கடைக்காரரும் இதில் தோற்றதாகக் கேள்வியில்லை.

அதிகாரி முதல் தடவை வந்தபோது ஷட்டர் முக்காலில் நின்றது. இவர் அன்றைக்குத்தான், ‘என் கடை வேலை நாட்களில் எப்போதும் திறந்திருக்கும்’ என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் முத்திரை வாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார். இரண்டாவது தடவை, தையல்காரருக்குத் தையல் இயந்திர மானியம் கிடைக்குமா என்று விசாரிக்கப் போயிருந்தார். தையல்காரர் கேட்கவே இல்லை. மனைவியும் அந்த இரண்டு நாளும் காயில்களை ஒப்படைக்கப் பட்டறைக்குப் போயிருந்தார். இரண்டு முறையும் ஷட்டரில் ‘கடை மூடப்பட்டிருந்தது’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்பதற்கு நேர் கீழே.

இனி ஒரே ஒரு தடவைதான். மனைவி சாக்பீஸைப் பிடுங்கி அடுப்புக்குள் போட்டார். இவர் சத்தியம் செய்யாத குறையாகக் கடையில் போய் உட்கார்ந்தார். ஷட்டர் முழுக்க மேலே ஏறியது. ஏறும்போது அது போட்ட சத்தத்தில் தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே போட்டார்.

உட்கார்ந்துவிட்டாரே தவிர, அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மின்விசிறி இல்லாத கடையில் வேர்த்து வழிந்தது. ஸ்பேனரெல்லாம் துருப்பிடித்திருந்தன. வேலை நடப்பது போலத் தெரிய வேண்டுமே என்று ஒரு பழைய மிக்சியைக் கழற்றி மேசைமேல் பரப்பிவைத்தார். காலையில் பரப்புவார், மாலையில் அள்ளி வைப்பார். கடைசிவரை அதை ரிப்பேர் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் எதிர்வீட்டு அம்மாள் ஒரு மின்விசிறியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார். பாதி விலைக்கு இவரே வாங்கிக் கொடுத்த புது மின்விசிறி. “வாங்கி ஒரு கோடை தாண்டலை. சுத்த மாட்டேங்குது. நம்ம தெருவுல பாதிப் பேருக்கு இதே கதைதான். உங்க கடை எப்பவும் சாத்தியிருக்கேன்னு எல்லாம் டவுனுக்குத் தூக்கிட்டு ஓடறாங்க. நல்ல வேளை, இன்னிக்கு இருக்கீங்க. பாத்துக் கொடுங்க” என்றார்.

இவருக்குக் கண் மின்னியது. “கழட்டவே கூடாதும்மா. கழட்டினா வாரண்டி போயிடும். இது தரமில்லாத பொருள் சப்ளை. உக்காருங்க, அருமையா ஒரு மனு எழுதித் தர்றேன். மேலதிகாரிக்கு ஒரு காப்பி, அமைச்சருக்கு ஒரு காப்பி.”

“எனக்குக் காத்துதாங்க வேணும்.”

“வரும். பதில் வந்ததும் வரும்.”

அம்மாள் ஒரு கையில் மின்விசிறியும் மறுகையில் மனுவுமாகத் தெருவைக் கடந்து திரும்பிப் போனார். பின்கட்டுக் கதவோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, தலையில் ஒன்று போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அதிகாரி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு காரியம் தாமதமானால் அதை எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பது இவருடைய கால்களுக்கு மனப்பாடம். ஒரு காலை வேளையில் மிக்சியைப் பரப்பி வைத்தவர், அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். ஃபைல் தானாகக் கக்கத்தில் ஏறியது. தையல்காரரிடம் அவர் துணியில் கோடு போடும் சாக்கட்டியை இரவல் கேட்டார்.

“வேண்டாங்க. இன்னிக்கு வந்துட்டாருன்னா?” என்றார் தையல்காரர்.

“வராததுக்குத்தானே என்னன்னு கேட்டுட்டு வரப் போறேன்! நம்ம ஃபைல் எங்கயாவது அடியில சிக்கியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடி வந்துடறேன்.” ஷட்டர் முக்காலுக்கு இறங்கியது. எழுத்தின்மேல் எழுத்து ஏறியது.

அலுவலகத்தில் நல்ல கூட்டம். “நீங்கதானே கடைசி?” என்று கேட்டு நின்றார். கவுண்டர் அம்மாள் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்துவிட்டு, “சார், நீங்க இங்க என்ன பண்றீங்க? முன்னாடி வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்” என்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். இவர் நிமிர்ந்து நின்றார். இத்தனை பேர் காத்திருக்கும்போது தான் மட்டும் குறுக்கே போவதா? மச்சானா அவர்? “பரவாயில்லை மேடம், என் முறை வரட்டும்” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. முன்னால் நின்ற ஒன்றிரண்டு பேர் திரும்பி மரியாதையாகப் பார்த்தார்கள். அந்தக் குளிர்ச்சி அவருக்கு வெகுநேரம் போதுமானதாக இருந்தது.

நடுவில், கையில் ஹெல்மெட்டும் தோளில் பையுமாக ஓர் இளைஞர் உள் அறையிலிருந்து வந்து வரிசையைக் கிழித்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தார். “கொஞ்சம் வழி விடுங்க சார், அவசரம்” என்றார்.

“எல்லாருக்கும் அவசரம்தான் தம்பி. நாங்கள்லாம் வேலைவெட்டி இல்லாமலா நிக்கிறோம்? சுத்திப் போங்க” என்றார் இவர். இளைஞர் சுற்றிக்கொண்டு போனார். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஒழுங்கு தெரியாத பிள்ளைகள் என்று இவர் பின்னால் நின்றவரிடம் அங்கலாய்த்தார்.

முறை வந்தது. ஃபைலைப் பிரித்தார். “மேடம், நம்ம கடைக்கு ஆய்வு அதிகாரி இன்னும் வரலை...”

அம்மாள் விசிறுவதை நிறுத்தினார். “அதைச் சொல்லத்தானே கூப்பிட்டேன். இன்னிக்கு உங்க தெருதான். ஹெல்மெட்டோட போனாரே, அவர்தான். உங்க பக்கத்துலதானே சார் போனாரு.”

ஃபைலிலிருந்து குண்டூசி டப்பா விழுந்து தரையெல்லாம் சிதறியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பொறுக்காமல் ஓடினார். பேருந்து நிறுத்தத்தில் நின்ற வரிசையைக்கூட அவர் பார்க்கவில்லை, முண்டியடித்து ஏறினார். இறங்கிய இடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடி வரும்போது குடோன் வாசல் ஸ்டூல் கண் முன்னால் வந்து வந்து போனது. கார் உள்ளே நுழைந்தது. இவர் எழுந்து நின்றார். தெருமுனைக்கு வருவதற்குள் இப்படி எத்தனையோ தடவை எழுந்து நின்றுவிட்டார்.

தையல்காரர் வாசலுக்கே வந்து மறித்தார். அவர் முகத்தில் சிரிப்பை அடக்குகிற வேதனை தெரிந்தது. “வந்துட்டுப் போயிட்டாருங்க. நல்லா நடந்துச்சு.”

“என்ன நடந்துச்சு?”

“வந்தாரு. ஷட்டரைப் பாத்தாரு. நீங்க எழுதினதைப் படிச்சாரு. பையிலேர்ந்து சீட்டை எடுத்தாரு. ஒட்டறதுக்குள்ள, வண்டிச் சத்தம் கேட்டு உங்க வீட்டம்மா பின்பக்கமா உள்ள வந்து, ஷட்டரைப் படார்னு தூக்கினாங்க பாருங்க! அப்படியே உக்காந்து அந்த மிக்சியை எடுத்து மாட்ட ஆரம்பிச்சாங்க. ‘கடைக்காரர் எங்கம்மா?’ன்னு அவர் கேட்டாரு. ‘நான்தான் கடைக்காரி’ன்னாங்க. ‘விண்ணப்பத்துல வேற பேர் இருக்கே?’ன்னாரு.”

“அதுக்கு என்ன சொன்னா?”

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைச் சரிசெய்துகொண்டார். “‘அவரு விண்ணப்பம் போடறவரு. கடை நடத்தறது நான்’னாங்க. அந்த மிக்சி வேற அப்ப ஓட ஆரம்பிச்சுதா, அவர் அசந்துட்டாரு. பொம்பளைங்க நடத்தற கடைக்கு முன்னுரிமை உண்டாம். பேரை மாத்தி எழுதி, கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. கடை தப்பிச்சுது, விடுங்க. இனிமே நீங்க குடோனுக்குப் போக வேண்டாம்.”

இவர் தலையை ஆட்டினார். கடை தப்பித்தது. தான் ஆசைப்பட்டது அதுதானே.  ஆனால் அந்தப் போட்டோவில் எந்த முகம் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திய முகமும் இல்லை, தாடி வைத்த முகமும் இல்லை. அவர் முகமே இல்லை.

கடை வாசலுக்குப் போனார். ஷட்டர் உச்சியில் சுருண்டிருந்தது. ‘இதோ வந்துவிடுகிறேன்’ சுருளுக்குள் போய்விட்டது. உள்ளே மனைவி ஒரு மின்விசிறியின் வயிற்றைத் திறந்து, கண்டென்சரைக் கழற்றிக்கொண்டிருந்தார். கடை திறந்திருக்கிறது என்ற செய்தி அதற்குள் தெருவெல்லாம் பரவியிருந்தது. பாதி விலை மின்விசிறிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாசலிலிருந்து தையல்காரர் கடைவரை நின்றார்கள். மனைவி ஒருமுறை நிமிர்ந்து இவரைப் பார்த்தார். கோபிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.

“அடுத்தது யாரு?” என்றார் உள்ளேயிருந்து.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. வால்பக்கம் எதிர்வீட்டு அம்மாள் மின்விசிறியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். இவர் நெற்றி வேர்வையைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனார்.

“நீங்கதானே கடைசி?” என்று கேட்டு, அவர் முதுகுக்குப் பின்னால், ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.